பட்டறை அறிவும் காப்புரிமையும்

மதுரைக் கீழமாசி வீதியின் பலசரக்குக் கடைகளில் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிச் சரக்கைக் கொட்டி, வாயை மடித்து, தலைக்கு மேல் தொங்கிய நூற்கண்டை இழுத்து இரு சுற்றுச் சுற்றி அறுத்துவிடும் கைகள், யந்திர சகாயம் ஏதுமின்றியே பொட்டலக் கலையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தன. அதே காரியத்தை இன்று செய்யும் யந்திரம், பிளாஸ்டிக் சுருளைக் குழாயாக வளைத்து, அளந்த சரக்கை உள்ளே விடுத்து, சூடேறிய தாடைகளால் ஒட்டி, கத்தியால் வெட்டித் தள்ளுகிறது. இவ்வங்கங்கள் யாவும் தொழிலுலகம் அறிந்தவையே. அவற்றைப் புதிய வரிசையில் பூட்டிய ஒருவர் காப்புரிமை கோருவாரானால், அது நூதன சிருஷ்டியா, பட்டறையில் எவருக்கும் தோன்றக்கூடிய யுக்திதானா என்பதை எதைக்கொண்டு அளப்பது? 20 ஆண்டுகள் பிறரெவரும் அம்முறையைக் கையாளலாகாது என்று விலக்கிவைக்கும் உரிமையாதலால், இவ்வினா சிறு பட்டறைக்காரரின் ஜீவனத்தையே தொடுவது.

இதற்கு நம் நாட்டில் கிடைத்த பிரசித்தமான விடை பாத்திரத் தொழிலிலிருந்து பிறந்தது. மிர்சாபூரின் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற கூட்டு நிறுவனம், கடைசல் யந்திரத்தில் பாத்திரம் சுழலும்போது பிடி நழுவித் தெறித்து விழும் அபாயத்தை நீக்க, எதிர்ப்புறத்திலிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஒரு முனையைச் சேர்த்து, 1951ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது. அம்முறையைப் பிறர் கையாண்டதால் எழுந்த வழக்கு அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஒருமுறை ஒருபுறமும் மறுமுறை மறுபுறமும் சாய்ந்து, கடைசியில் உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 1978 டிசம்பரில் நீதிபதி சர்க்காரியா எழுதிய தீர்ப்பு, அந்த உறுப்புகள் யாவும் நெடுங்காலமாகத் தொழிலில் வழங்கியவையே என்றும், பழைய உறுப்பைப் பழைய காரியத்துக்கே இசைத்துக்கொள்வது பட்டறைச் சீர்திருத்தத்துக்கு மேற்படாது என்றும் கூறி, காப்புரிமை ரத்தானதையே நிலைநாட்டியது.

அத்தீர்ப்பு கைக்கொண்ட அளவுகோல் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. புதுமையை இன்னும் அறியாதவனாய், அதற்கு முற்பட்ட பொது அறிவை மட்டும் உடையவனாய், அதே இடர்ப்பாட்டின் முன் நிற்கும் ஒரு தேர்ந்த தொழில்வல்லவனைக் கற்பித்துக்கொண்டு, அவனுக்கு இவ்வழி தானாகப் புலப்பட்டிருக்குமா என்று கேட்பதே அது. முடிந்த யந்திரத்தைக் கண்டபின் எதுவும் எளிதாகவே தோன்றுமாதலால், நீதிபதி தம் கண்ணை மறைத்துக்கொண்டு அவன் கண்ணால் பார்க்க வேண்டியவராகிறார். படிப்பாளியைவிடத் தொழிலில் பழகியவனையே சட்டம் தன் துலாக்கோலாகக் கொண்டது நியாயமென்றே கருதுகிறேன்.

நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் வழிவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டமும், அறிந்த சாதனங்களைத் தத்தம் பழைய வேலையையே தனித்தனியே செய்யுமாறு அடுக்கிவைப்பது கண்டுபிடிப்பாகாது என விதித்தது. ஆகவே பொட்டல யந்திரத்திலும், தாடையும் கத்தியும் சேர்ந்ததனால் முன்பில்லாத பயன் ஒன்று விளைந்ததா என்பதே ஆராய வேண்டியது.

மதுரையில் 1911இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தோற்றுவித்த தொழிற்குடும்பத்தின் வழிவந்த டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்தையும் இவ்வினா விட்டுவைக்கவில்லை. சிறு எஞ்சினில் இரு ஸ்பார்க் பிளக்குகளை அமைத்ததற்கு பஜாஜ் பெற்றிருந்த காப்புரிமை, ஹோண்டாவின் முந்தைய அமைப்பிலிருந்து எளிதில் பெறத்தக்கதே என்று டி.வி.எஸ். வாதித்தது. 2008இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி விதித்த இடைக்காலத் தடையை, 2009இல் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு நீக்கியது. ஆனால் இரு தரப்பாரும் 2019இல் சமாதானமாகிவிட்டமையால், தேர்ந்த எஞ்சின் வல்லுநர் ஒருவருக்கு இரண்டாவது பிளக் தானாகத் தோன்றியிருக்குமா என்பது முடிவாகத் தீர்க்கப்படாமலே நின்றுவிட்டது.