லுண்ட் நகரத்துக் கால் நூற்றாண்டுக் கணக்கு

கருப்பையிலிருந்து இருபுறமும் செல்லும் கருக்குழாய்களில் கிருமி தொற்றிச் சீழ் பிடிப்பது பெண்களுக்கு வெகுகாலமாக இருந்துவரும் நோய். ஆணிடம் ஆறியதாகத் தோன்றும் வெட்டை நோய் மனைவியின் உடலில் ஓசையின்றித் தங்கி அவளுக்குக் குழந்தையில்லாமல் செய்கிறது என்று எமில் நோகெராத் 1872இல் எழுதினார். சக மருத்துவர்கள் நகைத்தார்கள். ஏழே ஆண்டுகளில், 1879இல், ஆல்பர்ட் நைசர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்.

கிருமி தெரிந்தும் நோயறியும் முறை மாறவில்லை. அடிவயிற்று வலி, காய்ச்சல், வெள்ளைப்படுதல் இருந்தால் மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்து முடிவு சொல்வார். அது சரியா என்று சோதிக்க வழியில்லை. வழி திறந்தது சுவீடனின் லுண்ட் நகரத்தில். அங்கே 1960 முதல் லார்ஸ் வெஸ்ட்ரோமும் உடனிருந்தவர்களும், இந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்களை லேப்ராஸ்கோப்பால் பார்க்கத் தொடங்கினர். தொப்புளருகே சிறு துளை, வயிறு உப்ப வாயு, உள்ளே ஒரு மெல்லிய குழல். நோய் இருந்தால் கருக்குழாய் சிவந்து வீங்கியிருக்கும். நுனியில் சீழ் கசியும்.

1969இல் வெளியான முடிவு மருத்துவர்களின் கைப்பழக்கத்தின் மேலிருந்த நம்பிக்கையை அசைத்தது. பார்க்கப்பட்ட 814 பேரில் 532 பேருக்கே கருக்குழாய் அழற்சி இருந்தது. 98 பேருக்குக் குடல்வால் அழற்சி, சினைப்பைக் கட்டி போன்ற வேறு கோளாறுகள். மீதி 184 பேருக்குக் கண்ணில் படும்படி ஒன்றுமில்லை.

அந்த 'ஒன்றுமில்லாத' பெண்கள்தான் பிறகு ஆய்வுக்கு அளவுகோலானார்கள். பிழையான ஊகத்திலிருந்து இவ்வளவு நல்ல ஒப்பீட்டுக் குழு கிடைத்தது மருத்துவ வரலாற்றில் அபூர்வம். 1984 வரை சேர்க்கப்பட்டவர்களில் நோய் உறுதியான 1,844 பேரையும் நோயற்ற 657 பேரையும் பின்தொடர்ந்து, 1992இல் கணக்கு வெளியிடப்பட்டது. ஒருமுறை நோய் கண்டவர்களில் குழாய் அடைப்பால் குழந்தையில்லாமல் போனவர்கள் 8 சதவீதம். இருமுறை கண்டவர்களில் 19.5; மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் 40. நோயுற்றவர்களுக்கு அதன் பின் வந்த முதல் கர்ப்பங்களில் 9.1 சதவீதம் கருப்பைக்கு வெளியே தங்கியது. மற்றவர்களிடம் அது 1.4தான். காரணம் எளியது. குழாயின் உட்சுவரில் கருமுட்டையை நகர்த்தும் நுண்ணிய மயிர்கள் உண்டு. சீழ் அவற்றை அழிக்கிறது, சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன. கரு பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

இதற்கிடையில் இன்னொரு குற்றவாளியும் அகப்பட்டது. நோயுற்ற கருக்குழாயிலிருந்தே கிளமிடியா கிருமியை எடுத்ததாகப் பெர்-ஆண்டர்ஸ் மோர்த் குழுவினர் 1977இல் அறிவித்தனர். வலியே இல்லாமல் குழாயைக் கெடுக்கவல்லது இது. வெட்டைக்குப் போடும் பென்சிலின் ஊசியை மட்டும் நம்பினால் இது அடங்காது என்பதால் சிகிச்சையே மாறியது. சுவீடன் 1988இல் கிளமிடியாவைப் பால்வினை நோய்ச் சட்டத்தில் சேர்த்தது; நோயாளியின் துணையையும் தேடிச் சோதிப்பது கடமையானது.

லுண்ட் பதிவேடுகளை 1993இல் மறுபடி புரட்டியபோது ஒன்று தெரிந்தது. அறிகுறி தொடங்கி மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் வந்தவர்களைவிட, தாமதித்து வந்தவர்களுக்குக் குழந்தையின்மையோ குழாய்க் கர்ப்பமோ நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு.