ஆஃப்ரோடு வண்டிகளுக்கான ஹிட்ச் சைக்கிள் ரேக்

வண்டியின் பின்புறம் டிரெய்லர் இழுப்பதற்காகப் பொருத்தியிருக்கும் சதுரக் குழாய்க்குள் செருகி, அதன்மேல் சைக்கிள்களை ஏற்றிச் செல்ல உதவும் இரும்பு அல்லது அலுமினியச் சட்டமே ஹிட்ச் சைக்கிள் ரேக். அந்தச் சதுரக் குழாய்க்கு ரிசீவர் என்று பெயர்; அதைத் தாங்கும் முழு இழுவை அமைப்பே ஹிட்ச். கூரைமேல் சைக்கிளைத் தூக்கி வைக்கும் சிரமம் இதில் இல்லை. காற்றின் எதிர்ப்பும் குறைவு. சாதாரணக் காருக்கு என்றால் ரிசீவரின் அளவைச் சொல்லிக் கடையில் வாங்கிவந்துவிடலாம். ஜீப் ராங்லர், ஃபோர்டு ப்ரான்கோ, டொயோட்டா 4ரன்னர் போன்ற ஆஃப்ரோடு வண்டிகளுக்கு அப்படி முடியாது. முதலில் வண்டியின் பின்பக்கத்தை அளந்து பார்க்க வேண்டும். எந்த நிறுவனத்தின் ரேக் என்ற கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த ரேக்குகளுக்குச் சரியான சோதனைக்களம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள மோவாப். 1967 முதல் ஈஸ்டர் ஜீப் சஃபாரி நடக்கும் ஊர் அது. அங்கே 1969இல் மோட்டார் சைக்கிள்களுக்காகக் குறிக்கப்பட்ட ஸ்லிக்ராக் பாதை பிற்பாடு மலைச் சைக்கிள்காரர்களின் யாத்திரைத் தலமாகிவிட்டது. பக்கத்துக் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஒயிட் ரிம் என்ற மண்பாதை சுமார் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் நீளம். வழியில் குடிநீர் கிடையாது. சைக்கிளில் போகிறவர்கள் தண்ணீரையும் கூடாரத்தையும் சுமக்க ஒரு ஃபோர்வீல் வண்டியைத் துணைக்கு அழைத்துப் போவது வழக்கம். ஒருவர் களைத்துப்போனாலோ, சக்கரம் கோணிக்கொண்டாலோ, அவருடைய சைக்கிள் அந்த வண்டியின் பின்னால் ஏறிவிடும். மீதி தூரத்துக்குப் பாறைப் படிகளிலும் மணலிலும் குலுங்கப்போவது அந்த ரேக்தான். வீட்டிலிருந்து பாதை தொடங்கும் இடம்வரை தார்ச்சாலையில் போய்வருவதற்கென்று செய்த ரேக்குக்கும், இந்த வேலைக்கு வேண்டிய ரேக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ரிசீவரும் எடைக் கணக்கும்

ரிசீவரில் இரண்டு அளவுகள்தான் பரவலாகக் காணப்படுபவை: 1¼ அங்குலம், 2 அங்குலம். பெரிய சரக்கு பிக்கப் வண்டிகளில் 2½ அங்குலமும் உண்டு. சிறிய ரிசீவரில் பெரிய ரேக்கைப் பொருத்த அடாப்டர் விற்கிறார்கள். ஆஃப்ரோடு போகிறவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு இணைப்பும் ஆட்டத்துக்கு இடம் கொடுக்கும். கூடவே சுமையையும் சில அங்குலம் பின்னுக்குத் தள்ளிவிடும். 2 அங்குல ரிசீவர் இல்லாத வண்டியென்றால் முதற்செலவு அதை மாட்டுவதாகத்தான் இருக்க வேண்டும்.

ஹிட்ச் எவ்வளவு எடையைச் செங்குத்தாகத் தாங்கும் என்பதை டங் வெயிட் என்ற எண் சொல்கிறது. இழுக்கும் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பது பழகிய கணக்கு. ஜேஎல் தலைமுறை ராங்லரின் இரண்டு கதவு வண்டிக்கு இழுவைத் திறன் 2,000 பவுண்டு. ஆக டங் வெயிட் 200 பவுண்டு, சுமார் 90 கிலோ. நான்கு கதவு வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 3,500 பவுண்டும் 350 பவுண்டும்.

24 கிலோ ரேக், தலா 25 கிலோவில் இரண்டு மின்சைக்கிள்: மொத்தம் 74 கிலோ. 90 கிலோ வரம்புக்குள் அடங்கிவிட்டதே என்று தோன்றும். ஆனால் அந்த 90 கிலோ, ரிசீவரை ஒட்டினாற்போல் இருக்கும், டிரெய்லரை மாட்டும் இழுவைக் குமிழின்மேல் நேராக அழுத்தும் எடையை மனத்தில் வைத்துச் சொன்னது. செருகு தண்டை ரிசீவரில் பூட்டும் கம்பிக்குப் பின் (pin) என்று பெயர்; குமிழ் அந்தப் பின்னிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்தால், திருகு விசை, அதாவது எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது, 22 கிலோகிராம்-மீட்டர் சொச்சம். ரேக்கின் எடை மையம் 45 சென்டிமீட்டரிலும், முதல் சைக்கிள் 40இலும், இரண்டாவது 70இலும் இருந்தால், அதே கணக்கு 38ஐத் தாண்டுகிறது. இதற்காக ஹிட்ச் உடனே முறிந்துவிடாது. பாதுகாப்புக்காகக் கூடுதல் வலுவுடன்தான் செய்கிறார்கள். ஆனால் வண்டி ஒரு பாறைப் படியிலிருந்து தொப்பென்று விழும் கணத்தில் இந்த எண் பல மடங்காகிறது, அதுவும் நாள் முழுக்க மீண்டும் மீண்டும். உலோகம் ஒரே அடியில் உடைவதைவிட, இப்படிச் சோர்ந்து சோர்ந்து விரிசல் விடுவதுதான் அதிகம். விரிசல் வெல்டிங் ஓரத்தில் தொடங்கும். பெயின்ட் உரிந்த மெல்லிய துருக்கோடாக முதலில் தெரியும்.

இதனால்தான் ரேக் கையேட்டின் கடைசிப் பக்கங்களை முதலில் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல நிறுவனங்கள் ஆஃப்ரோடு பயன்பாட்டுக்கென்று தனியாக, குறைந்த எடை வரம்பைத் தருகின்றன. சில ரேக்குகளுக்கு மண்பாதையில் ஓட்டினாலே உத்தரவாதம் செல்லாது. அட்டைப்பெட்டியின் முகப்பில் ‘ஒரு சைக்கிளுக்கு 60 பவுண்டு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது தார்ச்சாலை எண். மின்சைக்கிள் வைத்திருப்பவர் பேட்டரியைக் கழற்றி வண்டிக்குள் வைத்துவிட்டால் சில கிலோ குறையும்.

ஸ்டெப்னி என்ற தடை

ராங்லரிலும் ப்ரான்கோவிலும் ஸ்டெப்னி பின்கதவின் வெளிப்புறத்தில் தொங்குகிறது. மகிந்திரா தார் வண்டியைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. தொழிற்சாலை டயரோடு இருக்கும்வரை பல ரேக்குகள் எப்படியோ இடித்துக்கொள்ளாமல் நிற்கும். உரிமையாளர் 35 அல்லது 37 அங்குல டயருக்கு மாறியதும் சிக்கல் தொடங்கும்: ரேக்கின் நிமிர்ந்த தண்டோ, முதல் சைக்கிளின் ஹேண்டில்பாரோ, பெடலோ ஸ்டெப்னியில் முட்டும். அளக்க வேண்டியது ரிசீவர் பின் துளையிலிருந்து ஸ்டெப்னியின் கடைக்கோடிவரை உள்ள கிடைத்தூரம். அதை ரேக் நிறுவனம் தரும் இடைவெளி அளவோடு ஒப்பிட வேண்டும். மடக்கி நிறுத்திய நிலையிலும் தனியாக ஒப்பிட வேண்டும், ஏனென்றால் சைக்கிள் இல்லாமல் ஓட்டும்போது ரேக் நிமிர்ந்து ஸ்டெப்னியின் பக்கம்தான் சாயும்.

இடைவெளி போதாவிட்டால் கடையில் உடனே எடுத்துக் காட்டுவது நீட்டிப்புக் குழாய். சுமையை இன்னும் பின்னால் தள்ளும் இந்தக் குழாய்க்கு, அதைச் செய்கிறவர்களே ஹிட்சின் திறனைப் பாதியாகக் கணக்கிடச் சொல்வதுண்டு. மேலே பார்த்த கணக்கில் 20 சென்டிமீட்டர் கூட்டினால் 38 என்பது 53 ஆகிறது. ஆகவே நீட்டிப்பு கடைசி வழியாக இருக்கட்டும். ஏற்கெனவே வெளியே தள்ளி வளைந்த தண்டுள்ள ரேக்கைத் தேடுவது மேல்.

கதவு திறப்பது இன்னொரு சங்கதி. 4ரன்னரில் ஸ்டெப்னி அடியில் இருக்கும், பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். சாயும் ரேக்கைப் பின்னால் சாய்த்தால் போதும். ராங்லரில் கதவு பக்கவாட்டில், ஸ்டெப்னியையும் சுமந்துகொண்டு அகலமாகத் திறக்கும். ரேக்கை எவ்வளவு சாய்த்தாலும் சில வண்டிகளில் கதவு பாதியில் நின்றுவிடும். முகாமில் சமையல் பெட்டியும் தண்ணீர்க் கேனும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் சைக்கிள்களை இறக்கி வைக்கிறவர் இரண்டாம் நாளே ரேக்கைத் திட்டத் தொடங்கிவிடுவார். இதற்குத்தான் ரேக் முழுவதையும் கதவுபோல ஒருபக்கம் திருப்பும் ஸ்விங் வகை வந்தது. ராக்கிமவுன்ட்ஸ், யாக்கிமா போன்ற நிறுவனங்கள் இப்படித் திரும்பும் ரேக்கையே செய்கின்றன; குவாட், ரிக்ட் போன்றவை மற்ற ரேக்குகளைத் தாங்கித் திருப்பும் தனிக் கையை விற்கின்றன. வசதிதான், ஆனால் அந்தக் கீல் எடையைக் கூட்டும், தேயும் இடமும் ஒன்று கூடும்.

வால் இடிக்கும் கோணம்

ஆஃப்ரோடு வண்டியை விலை கொடுத்து வாங்குவதற்கான காரணங்களில் ஒன்று அதன் குட்டையான வால். செங்குத்து ஏற்றத்தின் அடியிலிருந்து ஏறும்போதும், படிப்பாறையிலிருந்து இறங்கும்போதும் பின்பக்கம் தரையில் இடிக்காத உச்சக் கோணம் ராங்லரின் ரூபிகான் வகையில் 37 பாகை. 2024 வரை வந்த 4ரன்னரின் ஆஃப்ரோடு வகையில் 26 பாகை. இப்போது ரேக்கின் கடைசி நுனி பின் அச்சிலிருந்து 170 சென்டிமீட்டர் தள்ளியும், தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 33 அங்குல டயரோடு கோணம் சுமார் 20 பாகைக்கு இறங்கிவிடும். பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்து ரூபிகான் வாங்கியவர், சில நூறு டாலர் ரேக்கால் அதை ஒரு குடும்பக் காரின் வாலோடு ஓட்டுகிறார்.

பரிகாரம் இரண்டு. செருகும் தண்டுக்குப் பிறகு மேல்நோக்கி எழும்பும் ரேக்கைத் தேர்வது. ரிசீவரையே பம்பருக்குள் உயர்த்தி வைக்கும் ஹிட்சை மாட்டுவது. 4ரன்னர்காரர்கள் பலர் இரண்டாவதைச் செய்கிறார்கள். சைக்கிள் இல்லாதபோது ரேக்கை மடக்கி நிமிர்த்துவது கோணத்தைக் கொஞ்சம் மீட்டுத் தரும். முழுவதும் மீட்க வேண்டுமானால் கழற்றிவிடத்தான் வேண்டும்.

வகைகள்

சைக்கிளின் மேல்குழாயைப் பிடித்துத் தொங்கவிடும் ரேக் மலிவானது, எடை குறைந்தது. மண்பாதைக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. சைக்கிள்கள் ஊசலாடி ஒன்றோடொன்று உரசும். சாய்ந்த சட்டமுள்ள மலைச் சைக்கிள்கள் ஒழுங்காக உட்காரா. கார்பன் சட்டத்தை இறுக்கிப் பிடிப்பதைச் சைக்கிள் செய்கிறவர்களே விரும்புவதில்லை.

தட்டு ரேக்கில் சைக்கிள் இரண்டு சக்கரத்திலும் நிற்கும். முன்டயரின்மேல் ஒரு கொக்கிக்கை இறங்கி அழுத்தும். சட்டத்தை எதுவும் தொடுவதில்லை. துலே, குவாட், யாக்கிமா ஆகியவை இந்த வகையில் பெயர்பெற்றவை. 1அப் யுஎஸ்ஏ நிறுவனத்தின் அலுமினிய ரேக்கில் இரண்டு கைகள் முன்பின் சக்கரங்களை எதிரெதிரே நெருக்கிப் பிடிக்கும்; ரிசீவருக்குள் ஒரு எஃகு உருண்டையைத் திருகி மூலையில் அழுத்தி ஆட்டத்தைக் கொல்வது அதன் தனித்தன்மை. இரண்டு சைக்கிள் வரைக்கும் ஆஃப்ரோடு வண்டிக்குத் தட்டு ரேக்கே பொருத்தம். அதன்மேல் இன்னும் இரண்டுக்கு நீட்டிப்புத் தட்டு சேர்ப்பதைப் பல நிறுவனங்கள் மண்பாதைக்கு அனுமதிப்பதில்லை.

நான்கு, ஆறு சைக்கிள் என்றால் செங்குத்து ரேக். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வரும் நார்த் ஷோர் ரேக் சைக்கிளை ஃபோர்க் தலையில் மாட்டித் தொங்கவிடும். வெலோசிராக்ஸ், ரீகான் ஆகியவை முன்சக்கரத்தை ஒரு வளையத்துக்குள் தாங்கும். எல்லாச் சைக்கிளும் ஒரே வரிசையில் வண்டியை ஒட்டி நிற்பதால் திருகு விசை எண்ணிக்கைக்கேற்பத்தான் ஏறும், அதைவிட வேகமாக அல்ல. குறை, ரேக்கே கனம். பின்கண்ணாடியில் சைக்கிளைத் தவிர எதுவும் தெரியாது. ஃபோர்க் தலையில் மாட்டும் வகையில் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளும் குழந்தைகள் சைக்கிளும் பொருந்தாமல் போகலாம்.

ஆட்டம், சூடு, நம்பர் பிளேட்

வண்டிகள் ஓடி ஓடித் துணி துவைக்கும் பலகைபோல வரிவரியாகிப்போன மண்சாலைதான் ரேக்கின் உண்மையான எதிரி. பெரிய பாறைகூட அடுத்தபடிதான். ரிசீவருக்கும் செருகு தண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் ரேக்கின் நுனியில் அது பல மடங்காகத் துடிக்கும். வெறும் 5/8 அங்குலப் பின்னைச் செருகிவிட்டுக் கிளம்பக் கூடாது. உள்ளுக்குள் ஆப்புபோல விரியும் அமைப்போ, திருகி இறுக்கும் போல்ட்டோ இருக்க வேண்டும். முதல் அரைமணி ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி மறுபடி இறுக்குவது அனுபவசாலிகள் தவறாமல் செய்வது. முன்டயர்க் கொக்கி நழுவினால் காப்பாற்ற, சக்கரத்தையும் தட்டையும் சேர்த்து ஒரு வார் கட்டிக்கொள்வதும் வழக்கம்.

சைலன்சர் வாய் எங்கே பார்க்கிறது என்று குனிந்து பாருங்கள். சைக்கிள் டயர் அதன் நேரே வந்தால், மலையில் முதல் கியரில் ஊரும்போது டயர் உருகும். கார்பன் ரிம்மானால் ரிம்மே பாழ். ராங்லரின் பின்கேமரா ஸ்டெப்னியின் நடுவில் இருப்பதால், மடக்கிய ரேக் அதை மறைத்துவிடும்.

நம்பர் பிளேட் மறைவது குறித்த சட்டம் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பிரிட்டனில் மறைந்தால் 1,000 பவுண்டுவரை அபராதம் விதிக்கலாம். அங்கே ரேக்கின் பின்னால் விளக்குகளோடு இன்னொரு பிளேட் மாட்டிக்கொள்கிறார்கள். ஐரோப்பிய ரேக்குகள் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் இழுவைக் குமிழையே கவ்விப் பிடிப்பவை. மோவாப் பாறைகளுக்கு அந்த வகை ஏற்றதல்ல.

இன்னொன்று, மணலில் சிக்கும்போது நினைவுக்கு வருவது. பின்பக்கம் கயிறு கட்டி இழுக்கப் பலரும் பயன்படுத்துவது ரிசீவரைத்தான். அதில் ரேக் உட்கார்ந்திருக்கும். ரேக்கின் சட்டத்திலோ, இழுவைக் குமிழிலோ கயிறு மாட்டி இழுக்கவே கூடாது. முறிந்த குமிழ் குண்டுபோலப் பறந்து ஆளைக் கொல்லும். ஆகையால் பம்பரிலோ சேசிஸிலோ தனி மீட்புக் கொக்கி இருக்கிறதா என்று ரேக் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பின் பூட்டின் சாவியும் இறுக்கும் போல்ட்டுக்கான ஸ்பானரும் ஓட்டுநர் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அவற்றைப் பின்பக்கப் பெட்டியில் போட்டுவிட்டால், ரேக்கைக் கழற்றும் சாவியை எடுக்க ரேக்கைக் கழற்ற வேண்டியதாகிவிடும்.