துறவியும் சட்டமன்றமும்: சுவாமி சகஜானந்தர்

குருமார் சட்டமன்றம் புகலாமா என்பது அமெரிக்கக் குடியரசின் தொடக்கத்திலேயே எழுந்த வினா. 1777 ஆம் ஆண்டின் நியூயோர்க் அரசியலமைப்பு அவர்கள் அரசபதவி வகிப்பதைத் தடைசெய்தது. அதற்கு முந்திய ஆண்டில் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்ட ஜோன் விதர்ஸ்பூனோ ஒரு குருவே. அவர் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

தமிழகத்தில் ஒரு துறவி, அடிமைப்பட்டோர் பக்கமிருந்தே சட்டமன்றம் புகுந்தார். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், தீண்டாமைக்கு உட்பட்ட குடும்பமொன்றில் 1890 இற் பிறந்த முனுசாமியே சகஜானந்தர். திண்டிவனத்தில் மிஷன் பள்ளியிற் கற்றும் மதம் மாற மறுத்தார். 1910 இற் சிதம்பரம் வந்தார். 1916 இல் நந்தனார் பெயரிற் பாடசாலை தொடங்கினார். நந்தனாரை நாயனாராகப் பூசித்த கோயிலே அவர்தம் இனத்தாரை வெளியே நிறுத்தியிருந்தது. நாவிதன்வெளி எனத் தொழிற்சாதிப் பெயர் தாங்கிய ஊரையுடைய எமக்கு இம்முரண் விளங்காததன்று.

1926 இற் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். ஆலயப் பிரவேச உரிமை 1947 இற் சென்னை மாகாணச் சட்டமாயிற்று. எனினும், சட்டசபைப் பேச்சினும் அப்பாடசாலையே அவரது பெரும்பணி என்பது எம் கருத்து. கல்வியின்றித் திறந்த கதவாற் பயன் சிறிது. எம் காரைதீவின் விபுலானந்த அடிகள், 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்தபோது, அதே சிதம்பரத்தை அடுத்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். சகஜானந்தர் 1959 இற் காலமானார்.