பால்மர நிழலில் எடுத்த வண்ணப்படம்



சென்ற பள்ளி விடுமுறையில் அம்மாவின் இரும்புப் பெட்டியைத் துப்புரவு செய்தபொழுது, 1992ஆம் ஆண்டில் எடுத்த எங்கள் ஆறாம் ஆண்டு வகுப்புப் படம் கிடைத்தது. நெகிரி செம்பிலான், ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி. இன்று அங்கே லயங்கள் இல்லை. படத்தில் வெள்ளைச் சட்டைகள் பளிச்செனத் தெரிகின்றன. சட்டைகளுக்கு மேலே முகங்கள் இல்லை. பதினான்கு கரிய நிழல்களே உள்ளன. "இதுல நீ எங்கய்யா நிக்கிற?" என்றார் அம்மா.

"நாம் கறுப்பு, அதனால் படத்தில் விழவில்லை" என்று அன்று எங்களை நாங்களே கேலி செய்துகொண்டோம். அது உண்மையன்று என விளங்க எனக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

தோட்ட மக்களுக்கு நிழற்படம் எளிதில் வாய்த்ததன்று. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, பன்னிரண்டு வயதைக் கடந்தோர் அனைவரும் படம் ஒட்டிய அடையாள அட்டை பெற வேண்டுமென்று சட்டம் வந்தது. என் பாட்டியின் வாழ்வில் முதல் படம் அந்த அட்டைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படந்தான். வண்ண நெகட்டிவ் படச்சுருளான கோடாகலரை அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1942இல் வெளியிட்டது. 1972இல் வந்த சி-41 என்னும் கழுவும் முறை பின்னர் உலகெங்கும் பொதுவாயிற்று. எங்கள் தோட்டத்துத் திருமணங்களில் வண்ணப்படம் 80களில்தான் தலைகாட்டியது.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். ஒளி மிகுந்த இடம் அடர்ந்தும், ஒளி குறைந்த இடம் மெலிந்தும் பதியும். ஒளி இரண்டு மடங்கு, நான்கு மடங்கு கூடினாலும் இப்படச்சுருள் தாங்கிக்கொள்ளும், குறைந்தால் தாங்காது. ஆகவே தேர்ந்த படக்காரர் வானத்தையோ சட்டையையோ அளக்காமல், நிழலில் உள்ள முகத்தை அளந்து ஒளி விடுவார். 100 வேகமுள்ள சுருளைப் போட்டுவிட்டு, 64 என்று கருவியில் வைப்போரும் உண்டு.

எங்கள் படத்தில் நடந்தது என்ன? நாங்கள் பால்மர நிழலில் நின்றோம். பின்னே வெளிறிய வானம். கழுவும் கடையின் இயந்திரமோ படம் முழுவதையும் சராசரியாகப் பார்க்கும். வானமும் சட்டைகளும் நெகட்டிவில் அடர்ந்திருக்கவே, தாளுக்குக் கூடுதல் ஒளியைத் தந்தது. மெலிந்த முகப்பகுதிகளின் வழியே அவ்வொளி தாராளமாகப் பாய்ந்து தாளைக் கருக்கிவிட்டது.

இயந்திரத்தை மட்டும் குறை கூறுவதற்கில்லை. தோல் நிறத்தைச் சரிபார்க்கக் கடைகளுக்கு அனுப்பப்பட்ட 'ஷெர்லி அட்டை'யில் நெடுங்காலம் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண்ணே. இதைப் பற்றிக் கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் விரிவாக எழுதினார். மரச்சாமான், சாக்லெட் விளம்பரக்காரர்கள் பழுப்பு நிற வேறுபாடுகள் சரியாக விழவில்லை என முறையிட்ட பின்னரே படச்சுருள் திருத்தப்பட்டதாக, கோடாக்கில் பணியாற்றியோர் அவரிடம் கூறியுள்ளனர். மேசைக்கும் சாக்லெட்டுக்கும் கிடைத்த கவனம் மனித முகத்திற்கு முதலில் கிடைக்கவில்லை! பல இனப் பெண்கள் இடம்பெற்ற அட்டை 90களில்தான் வந்தது.

படம் இருந்த உறையிலேயே செம்மஞ்சள் நிற நெகட்டிவ் துண்டும் இருந்தது. (அந்நிறம் பழுதன்று, சாயங்களின் குறையை ஈடுகட்ட வேண்டுமென்றே சேர்ப்பது. பழுதென்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். ஓரத்தைப் பிடித்தே எடுங்கள்.) சிரம்பானில் ஒரு கடையில் கொடுத்து, "சட்டை வெளுத்தாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்துப் போடுங்கள்" என்றேன்.

சட்டைகளின் மடிப்பெல்லாம் மறைந்துவிட்டது. முகங்கள் வந்துவிட்டன. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யார் எந்த லயத்துப் பிள்ளை என்று பதினொருவரைச் சொன்னார். மீதி மூவரின் பெயரை அறிய, பழைய நண்பர்களுக்குப் படத்தை அனுப்பியிருக்கிறேன்.