உயிர் எண்டால் என்ன? காலியிலிருந்து செவ்வாய் வரை போன ஒரு கேள்வி

அசைவு, சுவாசம், போசணை, வளர்ச்சி, கழிவகற்றல், உறுத்துணர்ச்சி, இனப்பெருக்கம். சாதாரண தர விஞ்ஞானம் படிச்ச எல்லாருக்கும் இந்தப் பட்டியல் பாடம். ஆனால் கொஞ்சம் உரசிப் பார்த்தால் ஆட்டம் காணுது. நெருப்பு விறகைத் தின்னுது, வளருது, ஒட்சிசனை எடுத்துப் புகையை விடுது, பக்கத்து வேலிக்கும் தாவுது. அதை நாங்கள் உயிர் எண்டு சொல்றதில்லை. கோவேறு கழுதை குட்டி போடாது. அதுக்காக அதை உயிரற்றது எண்டு சொல்ல ஏலுமா?

இந்தக் கேள்வியோட வாழ்நாளைக் கழித்த ஒருவர் எங்கட தீவில்தான் பிறந்தார். சிறில் பொன்னம்பெரும, 1923, காலி. அவரைப் பற்றித் தமிழில் நாங்கள் கதைத்தது மிகக் குறைவு.

அவர் தொடங்கியது விஞ்ஞானத்தில் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்து 1948இல் பட்டம் பெற்றார். பிறகுதான் லண்டன் பேர்க்பெக் கல்லூரிக்குப் போய் இரசாயனவியல் படித்தார். அங்கே இருந்த ஜே.டி. பேர்னல், உயிரின் தோற்றம் பற்றி எழுதியும் பேசியும் வந்த இயற்பியலாளர்.

அந்தக் காலத்தில் இந்தத் துறைக்கு வயசு குறைவு. 1860களில் லூயி பாஸ்டர், நன்றாகக் கொதிக்க வைத்து, வெளித்தூசு விழாமல் வைத்த சாற்றில் நுண்ணுயிர் தானாக முளைக்காது எண்டு காட்டினார். உயிரிலிருந்துதான் உயிர் வரும் எண்ட முடிவு அதோட நிலைத்தது. அப்படியெண்டால் முதல் உயிர் எங்கிருந்து வந்தது? 1924இல் ரஷ்யாவில் ஓப்பாரினும் 1929இல் இங்கிலாந்தில் ஹால்டேனும் ஒருவரையொருவர் அறியாமலே கிட்டத்தட்ட ஒரே விடையைச் சொன்னார்கள். ஆதிப் பூமியின் வளியில் ஒட்சிசன் இருக்கவில்லை. அந்தச் சூழலில் சாதாரண இரசாயனப் பொருட்களிலிருந்தே உயிருக்கான மூலப்பொருட்கள் மெல்ல மெல்ல உருவாகியிருக்கலாம். 1953இல் சிக்காகோவில் ஸ்டான்லி மில்லர் எண்ட மாணவர் மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாட்களில் அமினோ அமிலங்கள் கிடைத்தன.

பொன்னம்பெரும இந்த வழியில்தான் நடந்தார். 1962இல் கலிபோர்னியாவில் கலாநிதிப் பட்டம் பெற்று நாசாவில் சேர்ந்தார். 1963இல் அவரும் ரூத் மரினரும் கார்ல் சேகனும் புற ஊதாக் கதிரைப் பயன்படுத்தி ஏரிபி மூலக்கூறை உருவாக்கிக் காட்டினார்கள். எங்கட ஒவ்வொரு கலத்திலும் சக்தியைக் கொண்டு திரியிற மூலக்கூறு அது. எண்டாலும் அந்தக் குடுவைக்குள் உயிர் இருந்ததெண்டு யாரும் சொல்லவில்லை. செங்கல்லை அறுத்தாச்சு, வீடு இன்னும் எழும்பவில்லை.

1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. பொன்னம்பெரும இருந்த குழு அதை ஆராய்ந்து, உள்ளே அமினோ அமிலங்கள் இருப்பதாக 1970இல் அறிவித்தது. தொட்டவர்களின் கையிலிருந்து ஒட்டியதாக இருக்காதா? அதுக்கும் அவர்களிடம் பதில் இருந்தது. அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவில் வரும். பூமியில் உயிர்களின் புரதம் இடக்கை வடிவத்தையே பயன்படுத்துது. கல்லுக்குள் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. அதோட எங்கட புரதங்களில் இல்லாத அமினோ அமிலங்களும் இருந்தன. உயிரின் தலையீடு இல்லாமலே விண்வெளியில் இந்தப் பொருட்கள் உருவாகும் எண்டு தெரிந்தது.

கேள்வி உண்மையிலேயே சிக்கலானது 1976இல். வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் இறங்கின. ஒரு சோதனையில், கதிரியக்கக் காபன் கலந்த போசணைக் கரைசலைச் செவ்வாய் மண்ணில் விட்டார்கள். வாயு வெளிவந்தது. மண்ணைக் கடுமையாகச் சூடாக்கிய பிறகு விட்டால் வரவில்லை. முன்கூட்டியே வகுத்த அளவுகோலின்படி பார்த்தால் இது உயிரின் அடையாளம். ஆனால் இன்னொரு கருவி அதே மண்ணில் சேதனப் பொருள் எதையும் காணவில்லை. 1977இல் பொன்னம்பெருமவும் சகாக்களும், மண்ணிலுள்ள ஒட்சியேற்றும் பொருட்களே அந்த வாயுவைத் தந்திருக்கலாம் எண்டு ஆய்வுகூட ஆதாரத்தோட வாதிட்டார்கள். பெரும்பாலானோர் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவினோ தான் கண்டது உயிர்தான் எண்டு கடைசிவரை சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்டு. இரண்டு பக்கமும் பார்த்தது ஒரே தரவைத்தான். எதை உயிரின் சான்றாக எடுப்பது எண்டதில்தான் பிணக்கு. அது கருவியால் மட்டும் தீராத, மெய்யியலும் சேர்ந்த பிணக்கு. 1990களில் நாசா குழுவொன்று, டார்வின் சொன்ன வகையில் கூர்ப்படையக்கூடிய, தன்னைத்தானே தாங்கும் இரசாயனத் தொகுதியே உயிர் எண்டு வரையறுத்தது. அதிலும் கோவேறு கழுதை தனியாக நிண்டு முழிக்குது!

பொன்னம்பெரும 80களில் நாடு திரும்பி, கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்தார். 1994இல் காலமானார். சாதாரண தரம் முடிஞ்சதும் கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு எண்டு எங்களைப் பிரிச்சு விடுறாங்கள். மெய்யியல் படித்தவர் விண்கல்லை ஆராயப் போன கதை அந்தப் பிரிப்புக்குள் அடங்காது. கலைப்பிரிவில் படிக்கிற தங்கச்சி ஒருத்தி உயிர் எண்டால் என்ன எண்டு கேட்டால், அது உன்ர பாடமில்லை எண்டு சொல்லாமல் இருப்பம். அவளுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு காலிக்காரரின் கதை இருக்கு.