தன்னாட்சி அமைப்பு எண் பொருந்தாமை

எல்லை நுழைவாயில் நெறிமுறையில் (பிஜிபி) இரண்டு ரூட்டர்கள் பியரிங் தொடங்கும்போது, ஒன்று தன்னுடையதாக அறிவிக்கும் தன்னாட்சி அமைப்பு (ஏஎஸ்) எண்ணும் மற்றது எதிர்பார்த்திருக்கும் எண்ணும் வேறுபட்டால் செஷன் அமையாது. இப்பிழையே தன்னாட்சி அமைப்பு எண் பொருந்தாமை எனப்படுகிறது. நெறிமுறையில் இதன் குறியீடு 2/2. முதல் எண் செஷனைத் தொடங்கும் ஓப்பன் செய்தியில் பிழை என்பதையும் இரண்டாவது எண் பியரின் ஏஎஸ் தவறு என்பதையும் குறிக்கும். கம்பி சரியாக இருக்கும், பிங் போகும், டிசிபி 179ஆம் போர்ட்டில் இணைப்பும் ஏற்படும். ஆனால் அண்டை ரூட்டரின் நிலை ஐடில், ஆக்டிவ் என்று மாறி மாறிக் காட்டுமே தவிர எஸ்டாப்ளிஷ்டு என்ற நிலையை எட்டாது. பொருந்தாத எண்ணோடு வருபவரை ரூட்டர் திருப்பி அனுப்புவது பாதுகாப்புக்காகவே. இதை வெறும் தொல்லையாக எண்ணிச் சரிபார்ப்பைத் தளர்த்துவது தவறு.

எண்ணின் வரலாறு

தன்னாட்சி அமைப்பு என்ற கருத்து பிஜிபியைவிடப் பழையது. பிபிஎன் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ரோசன் 1982 அக்டோபரில் வெளியிட்ட ஆர்எஃப்சி 827 என்ற இணைய நெறிமுறை ஆவணம், இணையத்தின் ரூட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் ஒரே வழித்தட முறையால் நடத்த இயலாது என்பதை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வொரு நிர்வாகமும் தன் எல்லைக்குள் தனக்குப் பிடித்த முறையைப் பின்பற்றட்டும், எல்லையில் மட்டும் பொது நெறிமுறை இருக்கட்டும் என்றது அந்த ஆவணம். அப்பொது நெறிமுறைதான் ஈஜிபி. அதன் செய்திகளில் அனுப்புநரின் ஏஎஸ் எண்ணுக்கு 16 பிட் இடம் ஒதுக்கப்பட்டது. பிற்காலத்தில் பெரும் சுமையாக மாறிய அளவு இதுவே. எண் 1 பிபிஎன்னுக்கும் எண் 3 மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கும் உரியவையாக இருந்தது அக்காலத்தின் எச்சம்.

1989 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இணையப் பொறியியல் பணிக்குழுவின் (ஐஇடிஎஃப்) கூட்டம் நடந்தது. அங்கே மதிய உணவு வேளையில் சிஸ்கோவின் கிர்க் லாக்ஹீடும் ஐபிஎம்மின் யாக்கோவ் ரெக்டரும் கைதுடைக்கும் காகிதங்களில் வரைந்த திட்டமே பிஜிபியானது. அதே ஆண்டு ஜூனில் வந்த ஆர்எஃப்சி 1105 அதன் முதல் பதிப்பு. அப்பதிப்பின் ஓப்பன் செய்தியில் ஏஎஸ் எண்ணுடன் இணைப்பின் வகையும் சொல்லப்பட வேண்டும்: அக இணைப்பா, மேல்நோக்கியதா, கீழ்நோக்கியதா, கிடைமட்டமானதா என்று. 1990இல் வந்த ஆர்எஃப்சி 1163 இந்த மேல்கீழ் வகைப்பாட்டைக் கைவிட்டது. அதன்பின் உறவு அகமா புறமா என்பதை இரு ஏஎஸ் எண்களையும் ஒப்பிட்டே அறியும் வழக்கம் நிலைபெற்றது. எண்கள் ஒன்றானால் ஐபிஜிபி, வேறானால் ஈபிஜிபி. 2/2 என்ற பிழைக் குறியீடும் அந்தப் பதிப்பிலிருந்தே இருந்துவருகிறது.

இன்று நடப்பிலுள்ள ஆர்எஃப்சி 4271 (2006 ஜனவரி) இவ்விடத்தில் ஓர் இடைவெளியை விட்டுவைக்கிறது. ஏற்கத்தகாத எண் வந்தால் 2/2 அனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அது, எந்த எண் ஏற்கத்தக்கது என்பதைத் தீர்மானிப்பது நெறிமுறையின் வரம்புக்கு வெளியே என்கிறது. எதிர்பார்க்கும் எண்ணை அமைக்க 'ரிமோட்-ஏஎஸ்' என்று நாம் தட்டச்சிடும் கட்டளை அந்த வரம்புக்கு வெளியே நிற்பது. ஆகவே இப்பிழை எப்போதும் மனிதர் எழுதிய ஓர் எதிர்பார்ப்புக்கும் கம்பிவழி வந்த ஓர் அறிவிப்புக்கும் இடையிலான முரண்.

16 பிட் என்றால் 65,536 எண்கள். இணையம் வளர்ந்த வேகத்துக்கு அவை போதவில்லை. 2007 மே மாதம் ஆர்எஃப்சி 4893 எண்ணை 32 பிட்டாக விரித்தது. 2012 டிசம்பரில் ஆர்எஃப்சி 6793 அதன் இடத்தைப் பிடித்தது. ஓப்பன் செய்தியில் ஏஎஸ் எண்ணுக்கான புலம் 16 பிட்டாகவே தொடர்ந்ததால், 65,535க்கு மேற்பட்ட எண்ணைக் கொண்ட ரூட்டர் அப்புலத்தில் 23456 என்ற பொது எண்ணை இட்டு, உண்மையான எண்ணைத் திறன் அறிவிப்பு 65இல் அனுப்புகிறது. எதிர்ப்புறம் பழைய ரூட்டராக இருந்தாலோ, திறன் அறிவிப்பு அணைக்கப்பட்டிருந்தாலோ, அதன் கண்ணுக்குத் தெரிவது 23456 மட்டும். அங்கே ரிமோட்-ஏஎஸ் 23456 என்று எழுதுவதே சரியான தீர்வு. இதை அறியாதவர் தம் எண்ணைப் பத்துமுறை சரிபார்த்தாலும் பயன் இராது.

எழுதும் முறையிலும் அப்போது பிளவு ஏற்பட்டது. 32 பிட் எண்ணை இரண்டாகப் பிரித்து நடுவில் புள்ளி வைக்கும் வழக்கம் சிலரிடம் இருந்தது. 2008 டிசம்பரில் ஆர்எஃப்சி 5396 முழு எண்ணாகவே எழுதும் ஏஎஸ்பிளெயின் முறையைப் பரிந்துரைத்தது. அதுவே தெளிவானது. புள்ளி முறையில் 1.1 என்பது 65537, 1.10 என்பது 65546. பின்னத்தைப் படிப்பதுபோல் கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டால் வேறொருவரின் எண் வந்து நிற்கும்.

கண்டறிதல்

முதலில் பார்க்க வேண்டியது லாக். பிழையை அறிவிக்கும் நோட்டிஃபிகேஷன் செய்தியை அனுப்பியவர் யார், பெற்றவர் யார் என்பதில்தான் விடை இருக்கிறது. அனுப்பிய ரூட்டரில்தான் எதிர்பார்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. பெற்ற ரூட்டர் அறிவித்த எண் அதனோடு பொருந்தவில்லை. ரூட்டர் மென்பொருள்களான ஜூனோஸும் எஃப்ஆர்ஆரும் வந்த எண்ணையும் எதிர்பார்த்த எண்ணையும் ஒரே வரியில் தந்துவிடுகின்றன. சிஸ்கோ ஐஓஎஸ், நிராகரிக்கப்பட்ட எண்ணைப் பதினறும வடிவில் அச்சிடுகிறது: எஃப்-டி-இ-9 என்றால் 65001, 5-பி-ஏ-0 என்றால் மேலே கண்ட 23456. நம் ரூட்டர் அந்தச் செய்தியைப் பெற்றிருந்தால் அதில் அச்சாவது நம்முடைய எண்ணே. அதை எதிராளியின் எண்ணாக வாசித்துத் தம் பக்கத்தில் ரிமோட்-ஏஎஸ் மாற்றுவோர் இல்லாத இரண்டாவது பிழையை உண்டாக்குகிறார்கள்.

லாக் போதாவிட்டால் 179ஆம் போர்ட்டில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்கலாம். எம்டி5 கடவுச்சொல் இருந்தாலும் அது டிசிபி தலைப்பில் கையொப்பம் சேர்ப்பதே அன்றி உள்ளடக்கத்தை மறைப்பதில்லை. ஓப்பன் செய்தி அப்படியே படிக்கக் கிடைக்கும். இரு பக்கமும் தவறாக எழுதப்பட்டிருந்தால் பெரும்பாலும் முந்திக்கொண்ட ரூட்டரின் புகார் மட்டுமே லாகில் தெரியும். அதைத் திருத்தியபின் எதிர்த் திசையிலிருந்து அதே பிழை வந்தால் அது முன்பிருந்தே இருந்ததுதான்.

எல்லாப் பொருந்தாமையும் 2/2ஆக வெளிப்படுவதில்லை. ஒரே நிறுவனத்துக்குள் லூப்பேக் முகவரிகளுக்கிடையே ஐபிஜிபி அமைக்கும்போது ரிமோட்-ஏஎஸ்ஸில் ஓர் இலக்கம் பிசகினால், ரூட்டர் அதை ஈபிஜிபி என்று கொள்கிறது. ஈபிஜிபியின் இயல்பு நிலையில் அண்டை ரூட்டர் நேரடியாக இணைந்திருக்க வேண்டும், டிடிஎல் 1. லூப்பேக் அப்படி இல்லாததால் ஓப்பன் செய்திவரை போகாமலே முயற்சி முடிந்துவிடும். மல்டிஹாப் கட்டளையைச் சேர்த்தால் 2/2 தலைகாட்டும். மல்டிஹாப் சேர்க்கும் ஆசைக்கு முன் எண்ணைப் பார்ப்பது நல்லது.

ஒரே ஏஎஸ்ஸைப் பல உறுப்பு ஏஎஸ்களாகப் பிரிக்கும் கூட்டமைப்புகள் தனிச் சிக்கல். வெளியாருக்குக் கூட்டமைப்பின் பொது எண்ணும் உள்ளிருப்போருக்கு உறுப்பு ஏஎஸ் எண்ணும் செல்ல வேண்டும். பொது எண்ணை அமைக்க மறந்தால் வெளியார் நிராகரிப்பர். சக உறுப்பைக் கூட்டமைப்புப் பியர் பட்டியலில் சேர்க்க மறந்தால் ரூட்டர் அதை வெளியாராகக் கருதிப் பொது எண்ணை அனுப்பும், அவர்களும் நிராகரிப்பர்.

இணையப் பரிமாற்ற நிலையங்களின் ரூட் சர்வர்களில் தென்படுவது இன்னொரு வகை. செஷன் எழும், ஆனால் வழித்தடங்கள் வராது, அல்லது 3/11 என்ற பிழையோடு செஷன் விழும். ரூட் சர்வர் தன் எண்ணை ஏஎஸ் பாதையில் சேர்ப்பதில்லை. பாதையின் முதல் எண் பியரின் எண்ணாக இருக்க வேண்டும் என்று சரிபார்க்கும் ரூட்டர் அதைக் கோளாறாகக் கொள்கிறது. அந்தப் பியருக்கு மட்டும் முதல்-ஏஎஸ் சரிபார்ப்பை நீக்குவது முறை.

திருத்தம்

எண்ணை ஊகித்து மாற்றக் கூடாது. எதிர்த் தரப்பிடம் எழுத்துவடிவில் பெற்று, பொது எண்ணானால் பதிவகத்தில் ஒப்பிட வேண்டும். ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏப்னிக், இந்தியாவில் அதன் கீழ் ஐஆர்ஐஎன்என். 64512 முதல் 65534 வரையும் 4200000000 முதல் 4294967294 வரையும் தனிப்பயன் எண்கள். இவற்றுக்குப் பதிவகம் இல்லை, ஆகவே 64512, 65412 போன்ற இடமாற்றப் பிழைகளைக் கண்டறிய வேறு சான்றும் இல்லை. நிறுவன இணைப்பால் எண் மாறும்போது, பழைய எண்ணையே எதிர்பார்க்கும் வாடிக்கையாளருக்கு லோக்கல்-ஏஎஸ் கட்டளை அந்தப் பழைய எண்ணைக் காட்டும். ஆர்எஃப்சி 7705 (2015) இந்நடைமுறையை விவரிக்கிறது. திருத்தியபின் அண்டை ரூட்டர் இன்னும் ஐடில் காத்திருப்பில் இருந்தால் செஷனைக் கையால் மீட்டமைக்கலாம்.

எஃப்ஆர்ஆர், பேர்டு போன்றவற்றில் எண்ணுக்குப் பதிலாக 'எக்ஸ்டர்னல்' என்று எழுதி எந்தப் புற எண்ணையும் ஏற்கச் செய்ய முடியும். தரவு மையத்துக்குள் அது வசதி. இரு நிறுவனங்களுக்கிடையே அதைப் பயன்படுத்தலாகாது.

இன்றைய நிலை

மேகக் கணிமைச் சேவைகளில் இயல்பு எண்கள் இப்பிழைக்கு வழக்கமான காரணமாகின்றன: அமேசானில் 64512, அஷூர் விபிஎன் கேட்வேயில் 65515, அஷூரின் எக்ஸ்பிரஸ்ரூட்டில் 12076, கூகுளின் பார்ட்னர் இன்டர்கனெக்டில் 16550. அமேசானின் விர்ச்சுவல் பிரைவேட் கேட்வேயை உருவாக்கியபின் அதன் எண்ணை மாற்ற இயலாது. அங்கே பொருந்தாமை நேர்ந்தால் வாடிக்கையாளர் ரூட்டரின் ரிமோட்-ஏஎஸ்ஸைத் திருத்த வேண்டும், அல்லது கேட்வேயைப் புதிதாக உருவாக்க வேண்டும்.