செவிச்செல்வம் இல்லார்க்கு எழுத்து: ஒரு பழஞ்சோதனையின் வரலாறு

செவிச்செல்வத்தைச் செல்வங்களுள் தலையாயது எனப் போற்றிய வள்ளுவப் பெருந்தகையே, எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்குக் கண் என்றும் கூறிப் போந்தார். செவிச்செல்வம் பிறவியிலேயே வாய்க்கப்பெறாத குழந்தைக்கு எழுத்தென்னும் கண்ணேனும் கிட்டுமோ? 'கிட்டாது' என்றே உலகம் பல நூற்றாண்டுகளாக விடையிறுத்து வந்தது. ஒலியை அறியாதவன் சொல்லை அறியான், சொல்லை அறியாதவன் எழுத்தை எங்ஙனம் அறிவான் என்பது அக்காலத்தார் வாதம். அவ்வாதத்தை ஓர் ஆடு மேய்க்கும் சிறுவனும் அவன் ஆசிரியரும் பொய்யாக்கிய வரலாறு, கல்விப் பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

1760ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரில் டி லெப்பே என்னும் பாதிரியார், காதுகேளாத பிள்ளைகளைத் தம் இல்லத்திலேயே கூட்டிக் கல்வி கற்பிக்கத் தொடங்கினார். ஏழைகளின் பிள்ளைகளையும் அவர் ஏற்றுக்கொண்டார். அப்பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கைச்சைகைகளே அவர்களுடைய மொழி என்று கண்டு, அதனைப் பாடத்திற்குக் கருவியாக்கிக்கொண்டது அவர்தம் பெருஞ்சிறப்பு. அவர் சைகையால் காட்டும் வாக்கியங்களை மாணவர்கள் பிரெஞ்சு மொழியிலும் இலத்தீன் முதலிய பிற மொழிகளிலும் பிழையின்றி எழுதிக் காட்டினர். காணவந்த பிரபுக்களும் அறிஞர்களும் வியந்து பாராட்டினர்.

ஆயினும் ஒரு குறை இருந்தது. ஆசிரியர் காட்டியதை எழுதிய அம்மாணவர்களுட் பெரும்பாலோர், தம் மனத்தில் உள்ளதைத் தாமாக எழுத அறியாதிருந்தனர். அவ்வாறு எழுதுவரென எதிர்பார்த்தல் வேண்டாமென்றே அப்பெரியார் தம் சீடரான சிக்கார் பாதிரியாருக்கு எழுதினார். பார்த்தெழுதுதல் வேறு, கருதியெழுதுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கடப்பதெப்படி என்பதே சிக்காருக்கு முன் நின்ற வினா.

விடை காண அவருக்குக் கிடைத்த மாணவன் ழான் மாசியூ. 1772ஆம் ஆண்டு, போர்தோ நகருக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவன். அவனோடு சேர்த்து உடன்பிறந்தார் அறுவரும் காதுகேளாதவரே. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நாளில் விரல்விட்டு எண்ணக் கற்றான். எண்ணிக்கை பத்தைத் தாண்டினால் கைக்கோலில் வெட்டுக் குறியிட்டுக்கொள்வான். பிற பிள்ளைகள் பள்ளி செல்வதைக் கண்டு தானும் போக வேண்டுமெனத் தந்தையிடம் சைகையால் மன்றாடினான். காது கேளாத உனக்குப் பள்ளி ஏது என்று தந்தை உணர்த்தியபோது, காதுக்குள் விரலை நுழைத்து, அடைப்பை எடுத்துவிடும்படி வேண்டினானாம். ஒருநாள் வீட்டாருக்குத் தெரியாமல் பள்ளிக்கே சென்று நின்றான்; அங்கிருந்த ஆசிரியர் விரட்டிவிட்டார். அழுதுகொண்டு திரும்பிய சிறுவன், பொருள் தெரியாமலே எழுத்துகளின் வடிவங்களை எழுதிப் பார்த்தான். இவையெல்லாம் பின்னாளில் அவரே எழுதி வைத்த செய்திகள்.

பதின்மூன்று வயது கடந்தபின் போர்தோ பள்ளியில் சேர்ந்த மாசியூவுக்குச் சிக்கார் எழுத்தின் பெயர்களைச் சொல்லித் தொடங்கவில்லை. திறவுகோல், கத்தி போன்ற கண்ணறிந்த பொருள்களைப் பலகையில் வரைந்தார். வரைந்த உருவின்மேலேயே அப்பொருளின் பெயரை எழுதினார். பிறகு உருவை அழித்துவிட்டுச் சொல்லை மட்டும் நிற்கவைத்தார். படம் போனபின்னும் பொருள் நிற்கிறது என்பதைச் சிறுவன் கண்டுகொண்டான். எழுத்தின் மறைபொருள் அவனுக்கு விளங்கிய கணம் அது.

அடுத்த படி இன்னும் நயமானது. காகிதத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் 6 எழுத்துகள் உள்ளன. சிவப்பைக் குறிக்கும் சொல்லில் 5. ஆறெழுத்தின் நடுவேயுள்ள ஐந்து இடைவெளிகளில் ஐந்தெழுத்துகளையும் சிறிதாக எழுதிக் காட்டினார் ஆசிரியர். நிறம் பொருளுக்குள் ஒன்றியிருப்பது போலவே பண்புச்சொல் பெயர்ச்சொல்லுக்குள் ஒன்றியிருந்தது! பின்னர் அதனைப் பிரித்தெடுத்து அருகில் எழுதி, இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தார். அக்கோட்டின் இடத்தில் 'இருக்கிறது' என்னும் வினைச்சொல் வந்தமர்ந்தது. இவ்வாறு இலக்கணம் கண்ணுக்குப் புலனாயிற்று. கொடுக்கல் வாங்கல் ஒருபுறமாக மட்டும் நடக்கவில்லை. ஆசிரியர் சொல்லை ஈந்தார். மாணவன் அதற்குரிய சைகையை ஆசிரியருக்கு ஈந்தான்.

இக்கல்வியின் பயன் ஓர் உயிர்ப்போராட்டத்தில் வெளிப்பட்டது. டி லெப்பே 1789இல் மறைந்தபின் சிக்கார் பாரிஸ் பள்ளியின் தலைமையேற்றார். மாசியூவும் உடன் சென்று துணையாசிரியரானார். 1792 ஆகஸ்டுத் திங்களில் புரட்சியாளர்கள் சிக்காரைச் சிறையிட்டனர். காதுகேளா மாணவர்கள் திரண்டு தேசிய சபைக்குச் சென்றனர். தம் ஆசிரியரைத் திருப்பித் தருமாறு மாசியூ எழுதிய விண்ணப்பம் சபையில் வாசிக்கப்பட்டது, உறுப்பினர்கள் கைதட்டினர். எனினும் விடுதலை உடனே கிட்டவில்லை. செப்டம்பர் 2 முதல் சிறைகளில் நடந்த படுகொலையில் சிக்கார் மயிரிழையில் உயிர் தப்பினார். தாமாக எழுதார் எனக் கருதப்பட்ட கூட்டத்தினின்று எழுந்த ஒருவர், ஒரு நாட்டின் மன்றத்தையே தம் எழுத்தைக் கேட்கச் செய்தார் என்பது சிறிய செய்தியன்று.

மாசியூவிடம் பயின்ற லோரான் கிளெர்க், 1816இல் கல்லாடெட் என்னும் அமெரிக்கருடன் கடல் கடந்தார். 1817 ஏப்ரல் 15இல் ஹார்ட்போர்டில் இருவரும் நிறுவிய பள்ளி, அமெரிக்காவில் காதுகேளாதோர்க்கு ஏற்பட்ட முதல் நிலையான பள்ளியாகும். மாசியூவோ, சிக்கார் 1822இல் மறைந்தபின் பாரிஸ் பள்ளியை விட்டு வெளியேறினார். முடிவில் லீல் நகரில் தாமே ஒரு பள்ளி அமைத்து, 1846இல் மறைந்தார்.

இத்துணைப் பயன் தந்த வழியைக் கற்றோரே அடைத்தனர். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சு முறையையே கைக்கொள்ள வேண்டும் எனத் தீர்மானித்தது. அங்கு வாக்களித்தோர் ஏறக்குறைய அனைவரும் காதுகேட்பவர்களே. அதன்பின் பல நாடுகளில் காதுகேளாத ஆசிரியர்கள் பணியிழந்தனர். பிள்ளைகள் உதட்டசைவைப் பயில்வதிலேயே பள்ளி நாள்களைச் செலவிட்டனர். 1960இல் ஸ்டோக்கி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் சைகைமொழிக்கும் முறையான அமைப்புண்டு என்று நிறுவிய பிறகே அறிஞர் கருத்து மெல்லத் திரும்பியது. 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு மிலான் தீர்மானங்களுக்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள்!

நம் நாடுகளிலும் இவ்வரலாற்றின் கிளைகள் உண்டு. 1954இல் பினாங்கில் காதுகேளாதோர்க்கான கூட்டரசுப் பள்ளி எழுந்தது. அதே ஆண்டில் சிங்கப்பூரில், ஷாங்காயிலிருந்து வந்த காதுகேளாதவரான பெங் சூ யிங் சைகைவழிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். மலேசியாவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் மலேசியச் சைகைமொழியைக் காதுகேளாதோரின் மொழியாக ஏற்றுக்கொண்டுள்ளது.

மாசியூவின் கதை காதுகேளாப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதி, எழுதியதன் பொருளறியாது அமர்ந்திருக்கும் பிள்ளை, காது நன்கு கேட்கும் வகுப்புகளிலும் உண்டு. அப்பிள்ளைக்கு எழுதத் தெரியும் என்று மதிப்பெண் இட்டுவிடுதல் எளிது. அப்பிள்ளை தானாக ஒரு வாக்கியம் எழுதும் நாள்வரை, பிள்ளை அறிந்த மொழியிலேயே தொடங்கிப் பொறுமையுடன் வழி தேடுவதே ஆசிரியர் பணி. வாயிலில் வந்து நின்ற சிறுவனை ஓர் ஆசிரியர் விரட்டினார். மற்றோர் ஆசிரியர் அவனிடமே சைகை பயின்று எழுத்தறிவித்தார். இருவருள் எவர் வழியை மேற்கொள்வது என்பதை ஒவ்வொரு பள்ளியும் நாள்தோறும் முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறது.